பர்மா என்றொரு நாய்

குட்டி வெறும் நண்டுக் கூடைக்குள் கிடந்தது. கண் திறந்து அதிக நாள் ஆகியிராது. மண்ணிறம், நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. வீதியில் லொறி அடித்துத் தாய் செத்துப்போக, பக்கத்தில் முனகிக்கொண்டு கிடந்ததைச் சம்மாட்டியார் சாரத்து மடியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். மன்னார்த் தீவில் பள்ளிமுனைக் கரையில், அவருடைய மீன்கொட்டிலான வாடியின் நிழலில், நாங்கள் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்த பகல் அது. இப்போது அந்தக் கரையை நினைத்தாலும் முதலில் வருவது அந்தக் கூடையின் நாற்றமும், குட்டி அதை மணந்து பார்த்துவிட்டுத் தும்மிய தும்மலும்தான்.

படகுச் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பது அந்தப் பக்கத்து வழக்கம். எங்கள் சம்மாட்டியாருக்கு இருந்தது ஒரே ஒரு பைபர் படகு, ஓர் எஞ்சின், கொஞ்சம் நண்டு வலை. அவருக்கும் அவருடைய மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை. நான் அவர்களிடம் கரை வேலைக்குக் கூலியாக நின்றேன். நான் அந்தக் கரையைச் சேர்ந்தவன் அல்ல. என் தாய் தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கலவரத்துக்குப் பயந்து இறங்கி, மன்னார்ப் பெருநிலத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, கட்டாரில் கட்டட வேலை, மலேசியாவில் கையுறைத் தொழிற்சாலை என்று அலைந்து, எங்கும் ஒன்றும் மிஞ்சாமல் திரும்பியிருந்தேன். சம்மாட்டியாரின் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா எனக்கு வைத்த பெயர் ‘தேயிலை’. அது ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது.

உலகக்கிண்ணக் காற்பந்து நடந்துகொண்டிருந்த காலம். பள்ளிமுனைக்குக் காற்பந்து என்றால் போதும், வீட்டுக்கு வீடு ஒரு நாட்டுக் கொடி பறக்கும். பந்தோடு போன இளந்தாரிகள் குட்டியைக் கண்டு நின்றார்கள். பிரேசில் என்று வைக்கச் சொன்னான் ஒருவன். மற்றவன் ஆர்ஜென்டினா என்றான். நாய்க்குப் பெயர் வைப்பதில் ஒரு சண்டையே வந்துவிடும் போலிருந்தது.

“இத்தாலி எண்டு வையுங்கோ,” என்றார் அக்கா. “தங்கச்சி கேட்டால் சந்தோசப்படுவாள்.”

“உன்ர தங்கச்சி அங்க கிழவியளைக் குளிப்பாட்டுறாள். அதுக்கு ஒரு நாயோ?” என்று சம்மாட்டியார் முன்பல் இரண்டும் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார். பிறகு குட்டியைத் தூக்கி அதன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “பர்மா.”

“பர்மா உலகக்கிண்ணம் விளையாடுதோ அண்ணை?”

“விளையாடாது. ஆனா தண்ணி குடுக்கும்.”

பந்தோடு வந்தவர்கள் அதோடு போய்விட்டார்கள். பர்மாக் கதை ஊரில் தெரியாதவர் இல்லை. இளம் வயதில் அவர் நீர்கொழும்புப் பக்கம் போய், பல நாள் கடலில் நிற்கும் பெரிய படகொன்றில் வேலை செய்தவர். ஒரு முறை எஞ்சின் நின்றுபோனது. நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டே போனது. அரிசியும் தண்ணீரும் முடிந்து, கூரையாகக் கட்டிய படங்குத் துணியில் விழுந்த மழையை நக்கிக்கொண்டு கிடந்தவர்களைப் பர்மாக்காரர் கண்டு கரைக்கு இழுத்துப் போனார்கள். அங்கே ஒரு மீன்காரி இவருடைய தலையை மடியில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுக் கஞ்சித் தண்ணீர் கொடுத்தாளாம். வெயிலில் உரிந்த முகத்துக்கு ஏதோ மரப்பட்டையைச் சந்தனம் மாதிரி அரைத்துப் பூசினாளாம். அதற்குப் பிறகு சிறையிலும் கிடந்தார்தான். அதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார். கஞ்சித் தண்ணீரைப் பற்றித்தான் சொல்வார்.

அவர் திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கியபோது பள்ளிமுனைச் சந்தியில் நின்ற பெண்ணொருத்தி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓடினாள். ஏனென்றால் ஊரில் அவர் செத்துப்போயிருந்தார். கடலில் போனவன் இத்தனை காலம் வராவிட்டால் இல்லை என்று முடிவுகட்டி, அவருடைய தாய் ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டார். பாதிரியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார், செத்தவர்களோடு சேர்த்து அவர் பெயரை வாசித்துவிட்டார். சேமக்காலையில், உடல் இல்லாத வெறும் மண்மேட்டில், அவர் பெயர் எழுதிய சிலுவை நின்றது. அவர் நேரே அங்கே போய் அதைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம். “செத்த வீட்டுச் சோறு நல்ல ருசி எண்டு கேள்விப்பட்டன். எனக்கு மிச்சம் வச்சனீங்களோ?” என்று தாயிடம் கேட்டாராம். ஆனால் உள்ளுக்குள் அது அவரை விட்டுப் போகவில்லை. கல்யாணம் பேசி வந்தபோதே அக்காவிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இனி ஒருமுறை கடல் தன்னைக் கொண்டுபோனால், தானே வந்து சொல்லும் வரைக்கும் தனக்குப் பூசை வைக்கக்கூடாது.

பர்மா வளர்ந்து அவருக்கே சொந்தமான நாயாகியது. அக்கா சோறு வைப்பார், தின்னும். நான் குளிப்பாட்டுவேன், நிற்கும். பின்னால் போவது அவர் பின்னால் மட்டும்தான். விடியமுன் தனியாகக் கடலுக்குப் போகிறவர் உச்சிப்பொழுதுக்குத் திரும்புவார். கரைக்கு வருமுன்னரே எஞ்சினை நிறுத்திவிட்டு, “பர்மாஆஆ!” என்று நீட்டிக் கூப்பிடுவார். எங்களுக்குச் சத்தம் வருமுன் நாய்க்குக் கேட்டுவிடும். வாடியில் படுத்திருந்தது காதை நிமிர்த்தி ஒரே ஓட்டமாகத் தண்ணீருக்கு ஓடும். நாய் ஓடினால், வாடிக்குப் பின்னாலிருந்த வீட்டில் அக்கா குழம்பைச் சூடாக்குவார்.

அவர் காணாமற்போனது காற்றும் மழையும் உள்ள நாளில் அல்ல. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. படகு கரைக்குப் பக்கத்திலேயே, வலை போட்ட இடத்தில் நின்றது. எஞ்சின் தண்ணீருக்கு மேலே தூக்கி விடப்பட்டிருந்தது. வலையில் பாதி இழுத்து மடிக்கப்பட்டிருந்தது, மற்றப் பாதி தண்ணீரில். கூடையில் நண்டுகள் உயிரோடு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படவில்லை. ஊர் முழுக்கத் தேடியது, கடற்படையும் தேடியது. சுழியோடிப் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்தக் கிழமையே தொடங்கிவிட்டது. உச்சிப்பொழுதில், கரையில் ஒரு குருவியும் இல்லாத நேரத்தில், படுத்திருந்த பர்மா காதை நிமிர்த்தியது. எழும்பித் தண்ணீருக்கு ஓடியது. நெஞ்சளவு தண்ணீரில் நின்று, வெறுங்கடலைப் பார்த்து வாலை ஆட்டியது. அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

“உனக்குக் கேட்டதோ தேயிலை?”

“இல்லையே அக்கா.”

“எனக்கும் இல்லை. அதுக்குக் கேக்குது.”

பழக்கதோஷம் என்றுதான் நான் நினைத்தேன். நேரம் வந்தால் நாய் ஓடும், அவ்வளவுதான். ஆனால் பழகிய நாய் ஏமாந்தால் திரும்பி வந்து படுக்கும். இது அப்படி இல்லை. வாலை ஆட்டும், கொஞ்சம் நிற்கும், காதைச் சாய்க்கும், இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். கூப்பிடுகிற ஆள் பின்னால் பின்னால் போகிற மாதிரி. படகை இப்போது அயலார் ஓட்டினார்கள்; நானும் அந்த நேரத்தில் நண்டு கழற்றுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கத் தொடங்கினேன். தூரத்தில் எங்கோ கழுதை கத்தும். வேறொன்றும் கேட்காது.

அக்கா அழவில்லை. குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். “முந்தியும் இப்பிடித்தானே. ஊர் அழுது முடிச்ச பிறகு வந்தவர். எங்கயோ நிண்டு கூப்பிடுறார். பர்மாவில நிண்டுதான் கூப்பிடுறாரோ என்னவோ,” என்பார்.

கார்த்திகை பிறந்தது. கத்தோலிக்கருக்கு அது ஆத்துமாக்களின் மாதம். செத்தவர்களின் பெயரைச் சொல்லிப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள், சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். உபதேசியார் வாடிக்கு வந்தார். அப்போதே வயதானவர். அக்கா போட்ட கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பிள்ளை, அவருக்கு ஒரு பூசை...”

“எந்தப் பூசை? சுகமா வரவேணும் எண்டதுக்கோ?”

“அதில்லைப் பிள்ளை. ஆத்துமம் அந்தரிக்கக் கூடாது.”

“ஒருக்கா உயிரோட இருந்த மனுசனைச் செத்த ஆக்களோட சேத்து வாசிச்ச வாய்தானே இது?”

“தாய்க்காரி வந்து கேட்டவ. நான் என்ன செய்யிறது?”

“நான் கேக்கேல்லை. நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ.”

உபதேசியார் போன பிறகு அக்கா அவர் குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். சம்மாட்டியார் செத்திருந்து பூசை வைக்காவிட்டால், அந்த மனிதன் தண்ணீருக்கும் கரைக்கும் நடுவில் கிடந்து உழலுவான். உயிரோடிருக்கும்போது பூசை வைத்தால், அவனை இரண்டாவது முறையும் நாமே புதைத்ததாகும். இதில் எது பெரிய பாவம் என்று ஏழாம் வகுப்புக்காரனான என்னிடம் கேட்டார். 

அதற்குப் பிறகு வந்த ஒரு பகல். மழை கட்டிக்கொண்டு பெய்யாமல் நின்றது. வெளிச்சம் சாம்பலாக இருந்தது. பர்மா வழக்கம்போல ஓடித் தண்ணீரில் இறங்கியது, நின்றது, வாலை ஆட்டியது. பிறகு, அது அன்றுவரை செய்யாததைச் செய்தது. திரும்பிக் கரையேறியது. உடம்பை உதறக்கூட இல்லை. தலையை நிமிர்த்தி, வலப் பக்கமாக மேலே பார்த்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தது. ஆளின் இடது காலோடு ஒட்டி நடக்கும் நாயின் நடை. வலை காயும் கம்பங்களுக்குப் பக்கத்தில் நின்றது. சம்மாட்டியார் எண்ணெய்க் கலனைத் தோள் மாற்றும் இடம் அது. பிறகு நடந்து, முற்றத்துக் குழாயடியில் நின்றது. அங்கே கனநேரம் நின்றது. கால் கழுவும் நேரம். என் கையில் இருந்த நண்டு என்னைக் கடித்ததுகூட எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்கா வாசலில் நின்றார். நாய் அவரைப் பார்க்கவில்லை, தன் வலப் பக்கத்து வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தது. அது படியடிக்கு வந்ததும் அக்கா ஒதுங்கி வழிவிட்டார். நாய் நுழைந்த பிறகும் அவர் சுவரோடு ஒட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார்.

“தேயிலை, உபதேசியாரிட்டப் போ. பூசைக்குச் சொல்லு.”

“எந்தப் பூசை அக்கா?”

“செத்தவைக்கு வைக்கிறது.”

“நாய்தானே அக்கா வந்தது...”

“வந்து சொல்லிப்போட்டார். உயிரோட வந்திருந்தால் வாசல்லயே நிண்டு சோறெங்கையெண்டு கத்தியிருப்பார். இந்த மனுசன் எப்ப சத்தமில்லாமல் வீட்டுக்குள்ள வந்தவர்?”

பூசை நடந்தது. சம்மாட்டியாரின் பெயரை வாசிக்கும்போது உபதேசியாரின் குரல் இறங்கிப்போனது. அக்கா முதல் தடவையாகச் சத்தம் வைத்து அழுதார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் மறுகிழமை, உச்சிப்பொழுதில், பர்மா திரும்பவும் ஓடியது. இந்த முறை நெஞ்சளவோடு நிற்காமல் நீந்தத் தொடங்கியது. நான் பாய்ந்து கழுத்தில் பிடித்து இழுத்து வந்தேன். அதற்குப் பிறகும் அப்படியே. ஒருமுறை தண்ணீர் குடித்து மூச்சில்லாமல் கிடந்தது.

அக்கா ஈர நாயை மடியில் போட்டுத் துடைத்தார். “தனியக் கிடக்கிறார் போல. பாவம். ஆனா அதுக்காக நாயைக் குடுக்கேலாது,” என்றார். பிறகு, “இதுக்கு வேற பேர் வைப்பம். பழைய பேரைச் சொல்லி ஆர் கூப்பிட்டாலும் போகக்கூடாது,” என்றார்.

அன்று முழுக்கப் பெயர் தேடினோம். இத்தாலி என்றார். பிரேசில் என்றேன். நாய் எதற்கும் திரும்பவில்லை. “நீ எத்தினை நாடு பாத்தனீ. உனக்கு விருப்பமான ஒண்டைச் சொல்லன் தேயிலை,” என்றார் அக்கா. நான் யோசித்தேன். கட்டாரில் நான் கண்டது கூரைத் தகரம். மலேசியாவில் கண்டது கையுறைகள் தொங்கிக்கொண்டு ஓடும் சங்கிலி. பிறந்த மலையை நினைத்தால் அம்மா அழுதுகொண்டு பாத்திரம் கட்டியதுதான் நினைவில் வருகிறது. என்னிடம் ஒரு நாய்க்கு வைக்கக்கூட ஒரு நாடு இல்லை. “ஒண்ணும் தோணலக்கா,” என்றேன். அன்று பெயர் ஒன்றும் அமையவில்லை.

அடுத்த மழைக்கு முன் நான் அங்கிருந்து போய்விட்டேன். இப்போது அரிப்பு என்னும் கடற்கரை ஊரில் கருவாட்டு வாடியொன்றில் இருக்கிறேன். போன மாதம் ஒரு சோலியாக மன்னார் போனவன், பள்ளிமுனைக்கும் போனேன். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. வாடி நிழலில் நாய் படுத்திருந்தது, மூஞ்சி முழுக்க வெள்ளை. உச்சிப்பொழுது நெருங்கியது. நாயின் காது எழும்பியதை நான் கண்டேன். முன்னங்கால் ஊன்றி எழும்பியது. நான் பிடிக்க எழும்பினேன்.

அக்கா வாய்க்குள் இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடித்தார். பந்து விளையாடும் பெடியன்கள் அடிக்கிற விசில். நாய் தயங்கியது, கடலைப் பார்த்தது, பிறகு திரும்பி அவருடைய காலடிக்கு வந்து படுத்தது.

“இதென்ன அக்கா புதுப் பழக்கம்?”

“பழகக் கனநாள் எடுத்தது. பொம்பிளை விசிலடிக்கிறாளெண்டு ஊர் சிரிச்சது. சிரிச்சிட்டுப் போகட்டும். பேர் எண்டால் அவரும் கேட்டுப் பழகிக் கூப்பிட்டிடுவார்.” நாயின் தலையைத் தடவிக்கொண்டே கடல் பக்கம் பார்த்தார். “அவருக்கு முன்பல்லு ரெண்டும் இல்லை, தெரியும்தானே. எவ்வளவு காலம் முயற்சி பண்ணினாலும் விசில் வராது.”