அர்செனின் தெற்குச் சுவர்

நோல்ட்டி லிரெட் எந்த வீட்டுக்குப் போனாலும் வெளிச்சுவர்ப் பலகையின் அடிவிளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு நடை நடப்பான். வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல் தனியாக வேலை செய்யும். கல்யாண வீட்டிலும் இப்படி நடந்திருக்கிறான். அவன் மனைவியும் என் மனைவியும் அக்கா தங்கை. முப்பது வருடம் அவனுக்குப் பலகை அறுத்துக் கொடுத்தவன் நான். அந்த விரல் எதைத் தேடுகிறது என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

ஹூமா நகரத்துக்குத் தெற்கே, லூசியானாவின் மண் கடலில் கரைந்துபோகும் இடத்தில், ஓடையை ஒட்டி ஒரே சாலை. சாலையை ஒட்டி மரத்தூண்களின் மேல் வீடுகள். சுவருக்கு வெளியே சைப்ரஸ் பலகைகள் மீன்செதில்போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒவ்வொரு பலகையின் அடியிலும் நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு.

தொண்ணூற்றிரண்டில் ஆண்ட்ரூ புயல் வந்தபோது காற்று மழையைக் கீழிருந்து மேலாக அடித்தது. தண்ணீர் அந்த இடுக்குகள் வழியே ஏறி உள்ளே வந்தது. கூரை போகாத வீட்டிலும் படுக்கை நனைந்தது. நோல்ட்டிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. இறால் படகில் போய்ப் பார்த்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் தச்சு வேலைக்கு வந்தவன். அந்தக் குளிர்காலம் முழுக்க ஏணியில் நின்றான். பசைத் துப்பாக்கியால் ஒவ்வொரு இடுக்கையும் நிரப்பி, ஈர விரலால் வழித்து மூடினான். நாற்பத்தொரு வீடு. விரல்நுனித் தோல் உரிந்து, புதிதாக வளர்ந்து, மறுபடி உரிந்தது.

அடுத்த புயலில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஓடைக்கரை அவனைக் கொண்டாடியது. "நோல்ட்டி அடைத்த வீடு" என்று சொல்லித்தான் வீட்டை விற்றார்கள். அவன் வாசலில் ஐஸ் பெட்டி நிறைய இறாலும் நண்டும் வைத்துவிட்டுப் போவார்கள், யார் வைத்தது என்றுகூடத் தெரியாது.

பதினோரு வருடம் கழித்து, இரண்டாயிரத்து மூன்றின் வசந்தத்தில், தன் பெரியப்பா வீட்டில் ஒரு பலகையைப் பெயர்த்தான். நான் அன்று இல்லை. பலகைக்குப் பின்னால் சுவர் கறுத்து, கையை வைத்தால் ஈரக் கேக் போல உதிர்ந்ததாம். மழை எப்படியும் ஆணித்துளையிலோ சன்னல் மூலையிலோ நுழையும். நுழைந்த நீர் இறங்கி வெளியே போகத்தான் அந்த இடுக்கு. அவன் அதை மூடிவிட்டிருந்தான்.

அன்றிலிருந்து இடுக்கை அடைப்பதை விட்டான். யாராவது கேட்டால், "கட்டடச் சட்டம் மாறிப்போச்சு" என்பான். என்னிடமும் அதையே சொன்னான். நானும் நம்பினேன்.

மிஸ் ஒரீலியாவின் வீடு அந்த நாற்பத்தொன்றில் ஒன்று. எங்கள் பக்கம் மூத்த பெண்களை, கல்யாணமானவர்களையும், மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய கணவர் அர்சென் இறால் பிடிப்பவர், படகு எஞ்சின் பக்கத்திலேயே நின்று இடது காது செவிடானவர். வளைகுடாவைப் பார்த்த அந்த வீட்டின் தெற்குச் சுவரில் பெயிண்ட் நிற்காது. கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும், வெயில் ஏறினால் உரியும். அர்சென் மூன்று தடவை சுரண்டி அடித்தார். மூன்று தடவையும் ஒரு வருடம் தாங்கவில்லை. நான்காம் தடவை மறுத்துவிட்டார்.

"சுவத்துக்குள்ள தண்ணி இருக்கு. பெயிண்ட் எப்படி நிக்கும்?"

"சுவத்துக்குள்ள தண்ணியா? கெளுத்தி மீனும் நீந்துதா பாரு. பிடிச்சிட்டு வா, வறுத்துத் தரேன்."

இந்தப் பேச்சு ஓடைக்கரை முழுக்கத் தெரியும். மிஸ் ஒரீலியா கோயில் வாசலில் நின்று நடித்தே காட்டுவாள். வருடா வருடம் படகுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிற மனுஷன், மிச்சத்தை வீட்டுக்குப் பூசி ஏமாற்றுகிறார் என்பது அவள் கட்சி. கடைசிவரை அவர்கள் அந்தச் சுவரைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். அவர் இறந்து நான்கு வருடமாகியும் சண்டை ஓயவில்லை. நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாளுக்கு முந்தைய நாட்களில், தரைக்குமேல் செங்கல்லில் கட்டிய எங்கள் கல்லறைகள் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிப்போம். அர்செனின் கல்லறை மட்டும் பாசி ஏறிக் கறுத்துக் கிடந்தது. மகன் வாளியோடு வந்தபோது அவள் குறுக்கே நின்றாள்.

"என் வீட்டுக்கு அவர் அடிக்கல. அவர் வீட்டுக்கு நான் அடிக்க மாட்டேன். நீயும் அடிக்கக்கூடாது."

முதல் வருடம் சிரித்தார்கள். நான்காம் வருடம் யாரும் சிரிக்கவில்லை.

ஐடா புயல் வந்து போன அடுத்த வருட அக்டோபரில் எங்கள் வேலைப் பட்டியலில் அவள் வீடு வந்தது. தெற்குச் சுவரில் பாதிப் பலகைகள் போயிருந்தன, மிச்சத்தின்மேல் நீலப் படுதா ஆடியது. எல்லாவற்றையும் பெயர்த்து, புதிதாகச் சிமெண்ட் நார்ப்பலகை அடிக்க வேண்டும். மிஸ் ஒரீலியா கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எழுபத்தெட்டு வயது. எங்களுக்குக் கரிய காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு மேற்பார்வை செய்தாள்.

நோல்ட்டி கடப்பாரை நுனியை முதல் பலகைக்கு அடியில் கொடுத்தான். பலகை முறியவில்லை, நொறுங்கியது. அடியில் இருந்த பசை மட்டும் அறாமல் நீளமாக ரப்பர்க் கயிறுபோல் வந்தது. முப்பது வருடத்துப் பசை. அது பிடித்துக்கொண்டிருந்த மரம் அதில் இல்லை.

"பாத்தியா அந்த மனுஷன் லட்சணத்த?" என்றாள் கீழேயிருந்து. "மூணு தடவ அடிச்சேன்னு பீத்திக்குவாரு. ஒரு தடவ ஒழுங்கா அடிச்சிருந்தா இந்தக் கதி வருமா, சொல்லு நோல்ட்டி."

நோல்ட்டி பசைக் கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டான். இரண்டாவது பலகை. மூன்றாவது. பின்னால் இருந்த கட்டைகள் கறுத்து, கறையான் அரித்து, தூளாகிக் காற்றில் பறந்தன. வீட்டைத் தாங்கும் அடிவிட்டத்தில் திருப்புளி கைப்பிடிவரை இறங்கியது.

மதியம் லாரி நிழலில் உட்கார்ந்தபோது எனக்கு எல்லாவற்றையும் சொன்னான். பெரியப்பா வீட்டுச் சுவர். சட்டம் மாறியதாகச் சொன்ன பொய். பிறகு, சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நான் நினைத்த ஒன்று.

"அதே வருஷம் கோடையில அர்சென் வந்தாரு சகலை. என்னைய இங்க கூட்டிட்டு வந்து ஒரு கொப்புளத்தக் கத்தியால கீறிக் காட்டினாரு. தண்ணி வழிஞ்சுது. 'நீயே சொல்லு'ன்னாரு. மிஸ் ஒரீலியா இதே எடத்துல நின்னுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"'படகுப் பெயிண்ட் மிச்சமா அர்சென்?'னு கேட்டேன்."

எனக்கு அந்த வாசகம் தெரியும். எல்லோருக்கும் தெரியும். மிஸ் ஒரீலியா விழுந்து விழுந்து சிரித்து, பதினைந்து வருடம் அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டே இருந்தாள். அந்த வாசகம் அவள் சொந்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும்."

"இப்ப எதுக்குடா கிளறிக்கிட்டு? அவரு செத்துப் போயிட்டாரு. அந்தக் கெழவி சந்தோஷமாத் திட்டிக்கிட்டுக் கெடக்கு. புதுப் பலகைய அடி, கெளம்பு. மிச்ச வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சா உன்ன ஓடையில தள்ளிருவாங்க."

அவன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினான். பாதிதான் சாப்பிட்டிருந்தான்.

அடிவிட்டம் மாற்றி, ஈரம் தாங்கும் தாள் சுற்றி, அதன்மேல் மெல்லிய மரப் பட்டிகள் அடிக்க ஒன்பது நாளாயிற்று. பத்தாம் நாள் புதுப் பலகை ஏறத் தொடங்கியது. மிஸ் ஒரீலியா எழுந்து வந்து அடிவிளிம்பைப் பார்த்தாள். கண் கூர்மை குறையவில்லை.

"பசை எங்க?"

"பசை வேண்டாம் மிஸ் ஒரீலியா. இது தொறந்தே இருக்கணும்."

"தொறந்தா? எனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? போன தடவ நீ அடைச்சியே, முப்பது வருஷம் ஒரு சொட்டு வந்துச்சா? அதே மாதிரி அடை."

"சட்டம் மாறிப்போச்சுன்னு சொல்லு," என்று நான் முணுமுணுத்தேன்.

நோல்ட்டி ஏணியிலிருந்து இறங்கினான். சட்டைப் பையிலிருந்து பசைக் கயிற்றை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"சொட்டு வந்துச்சு. வெளிய போக முடியல. உங்க சுவர அழுக வச்சது இது. நான் வச்சது. அர்சென் அடிச்ச பெயிண்ட்ல ஒரு குத்தமும் இல்ல. மூணும் நல்ல பெயிண்ட். பலகைய வெட்டிப் பாத்தேன்."

அவள் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். அது நீண்டு, மறுபடி சுருங்கியது.

"அன்னிக்கு அவர் உன்னக் கூட்டிட்டு வந்தாரே."

"ஆமா."

"அப்ப தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவள் திட்டுவாள் என்று நின்றோம். படி ஏறினாள். பதினாலு படி. நடுவில் ஒருதரம் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கதவு சாத்தும் சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

அதன்பிறகு காப்பி வரவில்லை, நாற்காலியும் காலியாகவே இருந்தது. நோல்ட்டி பலகை பலகையாக ஏற்றினான். ஒவ்வொரு அடிவிளிம்பிலும் விரலை ஓட்டினான். மாலையில் அவள் சமையலறை விளக்கு எரியும், ஆனால் பாத்திரச் சத்தம் கேட்காது. மகனைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்லுவ?" என்றான்.

அக்டோபர் முப்பத்தொன்று. கடைசிப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தோம். மிஸ் ஒரீலியா இறங்கி வந்தாள். காலில் அர்செனின் வெள்ளை ரப்பர் பூட்ஸ், இரண்டு அளவு பெரியது. கையில் ஒரு பெயிண்ட் டப்பா.

"லாரிய எடு."

நோல்ட்டி டப்பாவைத் திருப்பிப் பார்த்தான். "இது ஆகாது மிஸ் ஒரீலியா. பிளாஸ்டிக் மாதிரி மூடிக்கும். கல்லறை செங்கல்லு, அதுலேர்ந்து ஈரம் வெளிய வரணும். சுண்ணாம்புதான் அடிக்கணும்."

"உள்ள இருக்கறவரு மூச்சா விடப் போறாரு?" என்றாள். பிறகு டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைக் கடைசிப் படியில் வைத்துவிட்டு லாரியில் ஏறினாள்.

கல்லறைத் தோட்டத்தில் ஓடைக்கரையே இருந்தது. வாளிகளும் தூரிகைகளுமாக, முட்டி போட்டபடி. கோயில் பீப்பாயிலிருந்து சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு வந்தோம். அவள் கறுத்த கல்லறை முன்னால் நின்றாள். சுற்றிலும் வெள்ளை. பேச்சு கொஞ்சம் அடங்கியது. நாங்கள் வந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

"சொல்லு," என்றாள் நோல்ட்டியிடம்.

"யார்கிட்ட?"

"வேற யார்கிட்ட? அவர்கிட்ட. எனக்குத்தான் சொல்லிட்டியே."

நோல்ட்டி தொப்பியைக் கழற்றினான். கல்லறையின் அருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தான்.

"அது எடது காது," என்றாள். "அதுல அவருக்குக் கேக்காது. வலது காது ரோட்டுப் பக்கம். அங்க போய் நில்லு. சத்தமாச் சொல்லு."

ரோட்டுப் பக்கம்தான் கூட்டம் முழுக்க. நோல்ட்டி என்னைப் பார்த்தான். நான் வாளியைப் பார்த்தேன். அவன் சுற்றிப் போய் நின்றான்.

"அர்சென்," என்றான். மறுபடி தொடங்கினான். "அர்சென், உங்க சுவத்துக்குள்ள தண்ணி இருந்துச்சு. நீங்க சொன்னது சரி. இடுக்க நான் அடைச்சதால வந்தது. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்களக் கிண்டல் பண்ணினேன். உங்க பெயிண்ட் நல்ல பெயிண்ட்."

தூரிகைகள் நின்றன. யாரோ ஒரு குழந்தையை அடக்கினார்கள்.

அடுத்த கல்லறையில் கிளேபேர் என்கிற கிழவர் முட்டி போட்டு அடித்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"என் வீட்டையும் நீதான அடைச்ச?"

"ஆமா."

"தெக்குச் சுவர் மட்டுமா?"

"நாலும்."

கிளேபேர் தூரிகையை வாளியில் தோய்த்தார். விளிம்பில் வழித்தார். மறுபடி அடிக்கத் தொடங்கினார். அவர் அடித்த இடம் ஏற்கெனவே அடித்த இடம்.

மிஸ் ஒரீலியா பாசியைச் சுரண்டினாள். நாங்கள் கை கொடுக்கப் போனபோது தள்ளிவிட்டாள். கல் தெரிந்ததும் தூரிகையை எடுத்து நோல்ட்டியிடம் நீட்டினாள்.

"மூணு தடவ அடிச்சாரு. நீயும் மூணு தடவ அடி."

ஈரக்காற்றில் சுண்ணாம்பு லேசில் காயாது. முதல் பூச்சு காயும்வரை மூவரும் அங்கேயே நின்றோம். அவள் பூட்ஸுக்குள் பாதம் வழுக்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது பூச்சு காய்வதற்குள் மற்றவர்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். கிளேபேர் மட்டும் நின்று, "திங்கக்கிழம வா, கடப்பாரையோட," என்றார்.

மூன்றாவதை அவன் அடிக்கும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. அடியில், செங்கல் மண்ணைத் தொடும் இடத்து இடுக்கில், தூரிகையை நிறுத்தி விரலை ஓட்டினான். அவள் குனிந்து பார்த்தாள்.

"அங்க விட்டுரு," என்றாள்.