சிவப்புக் கோடு விழுந்த இடாப்பு

என் மேசை லாச்சியில் மாணவர் வரவு பதியும் பழைய இடாப்பு ஒன்று கிடக்கிறது. ஓடும் பஸ்ஸில் போட்ட கோணல் கையெழுத்துகள். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் நான்கு சிவப்புக் கோடுகள். அவற்றைக் கீறியவள் நான்தான்.

மன்னாரில் நாங்கள் டிப்ளோமா படித்தபோது அரசியல் பாடம் எடுத்த சேர் கெட்டவர் இல்லை. படையினர் பிடித்து வைத்திருந்த காணிகளுக்காக நாள் முழுக்க வெயிலில் சனங்களோடு நின்றவர். பேசும்போது அவர் குரல் தழுதழுக்கும், எங்கள் கண்ணும் கலங்கும். ஆனால் அவர் பாடத்தில் ஒரே ஒரு விடைதான் சரி. ஊர்வலமும் பாடம்தான் என்பார். ஆகவே ஊர்வல நாள்களில் இடாப்பும் பஸ்ஸில் வரும். வராதவருக்கு வரவு இல்லை, வரவு குறைந்தால் சோதனை எழுத முடியாது. வகுப்புப் பிரதிநிதி என்ற தலைக்கனத்தோடு அந்த இடாப்பை நான்தான் காவித் திரிந்தேன்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள், மலையகத்திலிருந்து வந்து அடம்பன் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. காணி பற்றிய கட்டுரையில், தாங்கள் இத்தனை வருடமாக இருக்கும் வளவுக்கு உறுதிப் பத்திரம் கிடையாது என்றும், தங்களை வயலுக்குக் கூலிக்குக் கூப்பிடும் எங்கள் ஊர் ஆட்களே அதற்குக் குறுக்கே நிற்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாள். சேர் அதை வகுப்பில் உரக்க வாசித்துவிட்டு, “இது எங்களைப் பிரிக்கிற எழுத்து” என்று பூச்சியம் போட்டார். எல்லோரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

அந்த முறை நெல் அறுக்கும் அருவி வெட்டுக் காலமும் ஊர்வலங்களும் ஒன்றாக வந்தன. வீட்டில் எல்லோரும் கட்டுக்கரைக் குளத்து வயல்களில் கூலிக்கு நின்றதால் அவளும் வயலுக்குப் போகவேண்டியிருந்தது. என்னிடம் வந்து, கெஞ்சாமல், ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

“ஊர்வலத்துக்கு வர்றேன். அந்த நெலத்துல எங்களுக்கும் பங்கு இருக்கான்னு சேர்கிட்ட கேட்டுச் சொல்லு.”

நான் கேட்கவில்லை. காய்ச்சல் என்று படுத்தவனுக்கும், காதலியைப் பார்க்கப் போனவனுக்கும் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவளுக்குப் போடவில்லை; வராத நான்கு ஊர்வலத்துக்கும் சிவப்புக் கோடு கீறினேன். நீதியாக நடக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சேரின் நல்ல பிள்ளை என்ற பெயர் போய்விடுமோ என்ற பயம். சோதனை எழுதுவோரின் பட்டியல் ஒட்டிய அன்று அவள் அதை மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தாள். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டாள், திரும்ப வரவேயில்லை.

சேர் போன வருடம் காலமானார். செத்தவீட்டில் நான் மனம் விட்டு அழுதேன். இப்போது அவர் எடுத்த பாடத்தை அதே வகுப்பில் நான் எடுக்கிறேன்.

போன மாதம் அடம்பன் சந்தையில் அவளைக் கண்டேன். வெயிலில் காய்ந்து, என்னைவிடப் பத்து வயது மூத்தவள் போல இருந்தாள். மன்னிப்புக் கேட்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அவள் என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

“சேர்கிட்ட அதக் கேட்டியா?”

“இல்லை” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

இந்தக் கிழமை என் மாணவர்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை காணிக்காக ஊர்வலமாம். “மிஸ், இடாப்பையும் கொண்டு வாங்கோ” என்றார்கள். புது இடாப்பை அந்தப் பழையதன் மேல் வைத்து லாச்சியைப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு ஊர்வலத்துக்குப் போனேன். ‘எங்கள் நிலம் எங்களுக்கே’ என்று எல்லோரும் சத்தமாகச் சொன்னார்கள். எனக்கு அந்த முதல் சொல்லே வாயில் வரவில்லை.