மை தொடாத பேனா

என் அத்தானுக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. மனசு மட்டும் என்றைக்குமே பேனாவில்தான். பழைய லிமிடெட் எடிஷன் மைப்பேனாக்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் பொடி எழுத்தில் ஓர் எண் செதுக்கியிருக்கும். இத்தனை பேனாதான் செய்தோம், அதில் இது இத்தனையாவது என்று அர்த்தம். அந்த எண்ணைச் சொல்லும்போது அவர் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். என் அக்கா அவற்றுக்கு வைத்த பெயர் சக்களத்திகள்.

விடுமுறை மதியங்களில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மேஜையில் துவாலை விரித்து, ஒவ்வொன்றாகப் படுக்க வைப்பார். துடைப்பார். பிறகு மூடியைக் கழற்றி, மையே இல்லாமல் காற்றில் எழுதுவார். திரை வழியே கசிந்த வெளிச்சத்தில் தங்க நிப் மட்டும் மினுங்கிக்கொண்டு போகும். என்ன எழுதுகிறார் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்டால் காதில் விழாது. ஆள் இங்கே, நினைப்பு எங்கேயோ. கிண்டல் செய்யப் போன நானே வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நேரம் போவதே தெரியாது.

அதில் கடல் நீலப் பேனா ஒன்று. செய்த நாளிலிருந்து மை தொடாதது. சேகரிப்பவர்கள் வட்டத்தில் அதற்குத் தனி மரியாதை. ஒரு சொட்டு மை உள்ளே போனால் மரியாதை போச்சு.

"அதுல எப்பதான் எழுதுவீங்க?" என்பாள் அக்கா.

"எழுதுறதுக்கு ஏத்த மாதிரி ஒண்ணு வரட்டும்."

வந்தது கை நடுக்கம். முதலில் ஸ்க்ரூடிரைவர் நழுவியது, பிறகு சட்டைப் பொத்தான். இது குறையாது, போகப் போகக் கூடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் எழுதவே முடியாமல் போகலாம். அன்று நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். அத்தான் வந்தார், நேராக நீலப் பேனாவை எடுத்தார், மைப்புட்டியைத் திறந்தார்.

நிப்பை மையில் அமிழ்த்தி, பேனாவின் பக்கவாட்டில் பதிந்திருந்த சின்ன லீவரை நிமிர்த்தினார். உள்ளே நறநறவென்று ஒரு சத்தம். மை ஏறவில்லை. கழற்றிப் பார்த்தால், மை நிரம்பவேண்டிய ரப்பர் பை கறுப்புத் துகளாகக் கொட்டியது. சும்மா வைத்தால் ரப்பர் இறுகிவிடும் என்பது அவருக்குத் தெரியாததா? அடுத்தவர் பேனாவுக்கெல்லாம் பை மாற்றிக் கொடுத்தவர். இதைப் பிரித்தால் அசல் கெட்டுவிடுமே என்று தொடாமலே விட்டிருந்தார். பத்திரமாக வைத்தே பாழாக்கிவிட்டார்.

"என் புத்தியச் செருப்பால அடிக்கணும்," என்றார். கண் கலங்கியிருந்தது.

அக்கா துகளைக் கையால் ஒதுக்கினாள்.

"பைதானே போச்சு? நிப்பு இருக்குல்ல? தொட்டுத் தொட்டு எழுதுங்க."

காகிதம் நகராமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் மையைத் தொட்டார், எழுதினார். மறுபடி தொட்டார். நடுங்கிய இடமெல்லாம் கோடு தடித்து நெளிந்தது. எழுதி முடித்தது அக்காவின் பெயர் மட்டும்தான். கடைசி எழுத்து காகிதத்தைத் தாண்டி அவள் விரல் மேல் ஓடியிருந்தது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைத் துடைக்கவில்லை.

"இன்னொரு தடவை எழுதுங்க," என்றாள்.