கரீம் பாய் பறந்ததற்கு அத்தாட்சி

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கரீம் பாய்க்குப் பறக்க ஆசை வந்ததில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அந்தப் புண்ணியத்தில்தான் என் கடைக்கு இரண்டாவது மெஷினே வந்தது.

பக்கத்து பைக் மெக்கானிக் ஷெட் பாயுடையது. இரண்டாயிரத்து நாலு வாக்கில் அவராகவே ஒன்று செய்தார். பழைய பைக் எஞ்சின், பின்னால் பெரிய காற்றாடி, ஒரு நாற்காலி, மூன்று சக்கரம், மேலே பாராசூட். "இது பறக்கும், மெட்டில்டாக்கா," என்பார் என்னிடம். "வூட்ல மிக்ஸியே ஓடல, மொதல்ல அத்த பாருங்க," என்பாள் அவர் மனைவி ஷம்சாத். தெருவே சிரித்தது. மனுஷனுக்கு அதுதான் வலித்தது. ஒரே ஒரு தடவை, சட்டப்படி பறந்து காட்டிவிட வேண்டும் என்று கிளம்பினார்.

சட்டப்படி என்றார் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி. ஆர்.டி.ஓ. ஆபீஸில், தரையில் ஓடினால்தான் எங்கள் பொறுப்பு என்றார்கள். விமான ஆபீஸில் இறக்கை எங்கே என்று கேட்டார்கள். போலீஸில் தடையில்லாச் சான்று வாங்கி வருவதற்குள் டாக்டர் சர்ட்டிபிகேட் காலாவதி. அதைப் புதுப்பித்தால் இது காலாவதி. எல்லாவற்றுக்கும் மூன்று காப்பி வேறு. கர்த்தர் என்னைக் கைவிடவில்லை.

கடைசியில் விமான ஆபீஸிலிருந்து சத்தியநாதன் என்று ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கோடையில் காய்ந்து கிடந்த ஏரியில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினோம்.

"பறக்குமான்னே தெரியாம எப்படி லைசென்ஸ் தர்றது? பறந்து காட்டுங்க," என்றார்.

பாய் பறந்தார். என் கண்ணால் பார்த்தேன். புழுதியில் தடதடவென்று ஓடிய வண்டி மெல்ல எழும்பி, கரையிலிருந்த தென்னைக்கு மேலே போய் ஒரு வட்டம் அடித்தது. ஷம்சாத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதிகாரிகூடக் கை தட்டினார்.

பாய் இறங்கியதும் அதிகாரி பேனாவை எடுத்தார். லைசென்ஸ் இல்லாமல் பறந்ததாக வழக்கு. சாட்சி, அவரே.

"நீங்கதானே சார் பறக்கச் சொன்னீங்க?" என்று எகிறினேன்.

"சொன்னது நான்தாம்மா. பறந்தது அவர்தானே?"

பாய் அந்தக் காகிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். 'மேற்படி கரீம் சுமார் முப்பது அடி உயரத்தில் பறந்தார்' என்று இருந்தது.

"சார், தென்னைக்கு மேல போனேன் சார். அறுபதுன்னு போடுங்க."

"ஐம்பதைத் தாண்டினா அபராதம் டபுள் ஆயிடும்யா."

"ஆவட்டும் சார்."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு திருத்தி எழுதினார்.

சாயங்காலம் பாய் அதே காகிதத்தோடு கடைக்கு வந்தார். எத்தனை காப்பி என்று கேட்டேன்.

"நம்ம தெருவுல எத்தினி வூடு கீதுக்கா?"

அன்றைக்கு மட்டும் அவரிடம் காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை.