தெருவிளக்கு கேட்ட மனு

பிள்ளைகளே, இதை நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். மூத்தவள் தனியாகப் படித்துவிட்டுத் தம்பிக்குக் கதையாகச் சொல்ல வேண்டாம். அப்பாவைக் காப்பாற்றுவதற்காக நீ சில இடங்களை விட்டுவிடுவாய். எனக்கு உன்னைத் தெரியும்.

நான் திண்டிவனத்தில் ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனு எழுதிக்கொண்டிருந்தேன். எந்தக் கட்சி என்று இங்கே எழுதப்போவதில்லை, அது இதற்குத் தேவையும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தவறிய எனக்கு அந்த வேலை கிடைத்தது கையெழுத்து நன்றாக இருந்ததால்தான். எழுதத் தெரியாதவர்கள் வந்து வாயால் சொல்வார்கள். அதை நான் மனுவாக எழுதிக் கொடுப்பேன். சனிக்கிழமை காலையில் எம்.எல்.ஏ. வந்து உட்கார்ந்ததும் வரிசையாகப் போய் நீட்டுவார்கள். அவர் இரண்டு கையாலும் வாங்குவார், போட்டோ எடுப்பார்கள், அடுத்தவர் வந்துவிடுவார். நின்று பேச நேரம் இருக்காது. தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்குப் போய்ச் சேரும்.

எங்களைப் போல மனு எழுதுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பெண்பிள்ளை விஷயத்தை உள்ளபடி எழுத மாட்டோம். வீட்டை விட்டுப் போன பெண்ணை 'உறவினர் வீட்டுக்குச் சென்று திரும்பவில்லை' என்று எழுதுவோம். மாமியார் வீட்டில் அடி வாங்கிய பெண்ணுக்குக் 'குடும்பத்தில் மனவருத்தம்'. நாலு பேர் கையில் போகிற தாள், பெயர் கெட்டுவிடக்கூடாது என்பது எங்கள் நியாயம். கூட வேலை செய்தவர் ஒருவர் என்னைக் கிண்டல் செய்வார்: "நீ எழுதினா கொலை கேசு கூட கல்யாணப் பத்திரிகை மாரி ஆயிடும்ணே." நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலி வேலை, விரல் நகத்தில் செம்மண் போகாமல் இருந்தது. கணவர் சென்னையில் கட்டட வேலையில் இருந்தார். ஒரே பெண், ஒன்பதாவது படித்தது. மூத்தவளே, அப்போது நீயும் ஒன்பதாவதுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் அந்தப் பெண்ணை மறித்து ஏதோ பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று பெண் சொல்லவில்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறது. அம்மா இதையெல்லாம் மெதுவாகச் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"நான் செத்துட்டா நீ நிம்மதியா இருப்பன்னு சொல்லிக்கினே இருக்குதுண்ணா. யாராச்சும் டாக்டரு அதுங்கிட்ட பேசணும். அதத்தான் எழுதணும்."

நான் பேனாவை மூடி வைத்தேன். இதை எழுதினால் ஊர் பூராவும் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள், நாளைக்குப் பெண் கேட்டு யார் வருவார்கள் என்று அவரிடம் கேட்டேன். நான் பக்குவமாக எழுதுகிறேன் என்றேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. "நீங்க எழுதினா சரிண்ணா" என்று சொல்லி, தன் பெயரை மட்டும் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து கையெழுத்துப் போட்டார்.

நான் எழுதியது இதுதான்: பள்ளி மாணவிகள் நடந்து வரும் பாதை இருட்டாக உள்ளதால் தெருவிளக்கு அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த எம்.எல்.ஏ.வைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வேண்டும் என்று சட்டசபையில் விடாமல் கேட்டவர் அவர். அந்தப் பேச்சை வெள்ளைத்தாளில் திருத்தி எழுதியதே நான்தான். அதற்குப் பிறகு புதன்கிழமைதோறும் ஒரு டாக்டர் வந்தார். வல்லம் பக்கம் விடுதியில் ஒரு பையனை அடித்தார்கள் என்ற மனுவைச் சாப்பாட்டின் நடுவில் படித்துவிட்டு, கை கழுவாமலேயே எழுந்து போன் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா சொன்னதைச் சொன்னபடி எழுதியிருந்தால் அடுத்த புதன்கிழமையே அந்தப் பெண் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும். டாக்டர் இருந்தார், வழியும் இருந்தது. நடுவில் இருந்தது என் பேனா.

விளக்கு சீக்கிரமே வந்துவிட்டது. அப்போது எம்.எல்.ஏ. செய்த பணிகளையெல்லாம் தொகுத்து ஒரு சிறு புத்தகம் போட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. எழுதிச் சேர்ப்பது என் பொறுப்பு. 'மக்கள் பாதுகாப்பு' என்ற தலைப்பின் கீழ் அந்த விளக்கையும் படத்தோடு சேர்த்தேன். வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். அந்த அம்மா வந்துபோன அன்றே அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவள் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள்.

"அதான் லைட்டு வந்துடுச்சே" என்றேன்.

அடுத்த மாதம் ஒருநாள் அந்தப் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டது. நடைமேடை ஓரத்தில் யூனிபார்மோடு வெகு நேரம் தனியாக உட்கார்ந்திருந்ததைக் கொய்யாப்பழம் விற்கும் ஒரு பெண் கவனித்திருக்கிறார். கூடையை அப்படியே போட்டுவிட்டுப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார், போலீஸ் வரும்வரை விடவில்லை. அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் பார்த்த பார்வையில் பாதி எனக்கு இருந்திருக்கலாம்.

குழந்தைகள் விஷயத்தை விசாரிக்கும் குழு விழுப்புரத்தில் அம்மாவைக் கூப்பிட்டது. பெண் இப்படி இருப்பது தெரிந்தும் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார்கள். எம்.எல்.ஏ. ஆபீசில் மனு கொடுத்தேன் என்றார் அவர். மனுவின் நகலை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அலுவலகத்தில் என்னையே அனுப்பினார்கள்.

விசாரித்த மேடம் அதை வாங்கிப் படித்தார்.

"இதுல லைட்டுதானேம்மா கேட்டிருக்கீங்க. பொண்ணப் பத்தி ஒரு வார்த்த இல்லையே."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். மேடமும் பார்த்தார்.

"அவங்க சொன்னதத்தான் எழுதினேன் மேடம்" என்றேன்.

புத்தகம் அச்சுக்குப் போகிற நேரம், எம்.எல்.ஏ. பெயர் கெடக்கூடாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று அங்கே இருந்தவர்கள் நினைத்தார்கள். வீட்டில் கவனிப்பு சரியில்லை போலிருக்கிறது, தீர விசாரிக்கும்வரை பெண் காப்பகத்தில் இருக்கட்டும் என்று முடிவானது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

மூன்று சனிக்கிழமைகள் நான் வழக்கம்போல மனு எழுதினேன். மூன்றாவது சனிக்கிழமை வரிசையில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் எதிரில் உட்கார்ந்து, பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு மனு எழுத வேண்டும் என்றார்.

என்னிடமா என்று கேட்டுவிட்டேன்.

"வேற யாரண்ணா எனக்கு எழுதித் தர்றாங்க? இந்த வாட்டி நான் சொல்றத மட்டும் எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது, சாவைப் பற்றிப் பேசியது, எல்லாம். பிறகு அவர் சொன்னார், "மொதல்லயே இதெல்லாம் சொன்னேன், எழுதற அண்ணன் எழுதல. அதயும் போடுங்க." கை நின்றுவிட்டது. அவர் காத்திருந்தார். எழுதினேன். முழுவதையும் படித்துக் காட்டச் சொன்னார். அந்த வரி வந்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் அது கேட்டது.

அந்தத் தாளை நானே கொண்டுபோய் எம்.எல்.ஏ. கையில் கொடுத்தேன். அன்றைக்கு யாரும் போட்டோ எடுக்கவில்லை. படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்பவே கிளம்பு. அங்க போயி நீயே சொல்லு. திரும்பி இங்க வராத" என்றார். எனக்கு வேலை போனது எப்படி என்று நீங்கள் பல தடவை கேட்டீர்கள். உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவந்தேன். அதுவும் பக்குவமாக எழுதியதுதான்.

குழு கூடிய நாளில் அந்த அம்மாவோடு விழுப்புரம் போய், மேடம் முன்னால் நின்று, இந்த அம்மா சொன்னது ஒன்று, நான் எழுதியது ஒன்று என்றேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று மேடம் கேட்டார். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். டாக்டரிடம் தொடர்ந்து காட்ட வேண்டும் என்று சொல்லிப் பெண்ணை அம்மாவோடு அனுப்பினார்கள்.

வாசலில் ஒதுங்கி நின்றேன். பெண் வந்தது. மூத்தவளே, உன் உயரம்தான். பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது. என்னைத் தாண்டும்போது நின்று, "யாரும்மா இவரு?" என்று கேட்டது.

அம்மா என்னைப் பார்த்தார். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"மனு எழுதறவரு" என்றார். பெண்ணின் தோளைத் தொட்டு முன்னால் நடக்கவிட்டார். இருவரும் பஸ் நிறுத்தத்துப் பக்கம் போனார்கள்.