அம்பலவாணர் விசாரித்த தலைமயிர்

சரவணை அம்பலவாணர் பவுடர் பூசும் ஆண்களை நம்புவதில்லை. சென்ட் அடிப்பவர்களை அதைவிடவும் நம்புவதில்லை. கைலேஞ்சியை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பவன் பக்கத்தில் வந்து நின்றால், தன் மடியில் முடிந்திருக்கும் காசை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அவருடைய சொந்த அலங்காரம் வெகு சுருக்கம். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுக்கு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை சவரம். கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும் அரசாங்கக் கச்சேரிக்கும் ஒரே வெள்ளைச் சட்டை. அவர் சீப்புப் பிடித்து மனைவி அன்னபூரணம் பார்த்தது கலியாணத்தன்று மட்டும்தான். மற்ற நாளெல்லாம் விரலால் மயிரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் புகையிலைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். கண்ணாடிக்கு முன்னால் மினக்கெடுகிற ஆம்பிளை எதையோ மறைக்கிறான். இது அவர் கண்ட முடிந்த முடிவு. யாரும் கேட்காமலே இதைச் சொல்லியும் வைப்பார்.

தோட்டத்தோடு நின்றிருந்தால் இந்த முடிவு யாருக்கும் கெடுதல் செய்திராது. ஆனால் வீட்டில் ஒரு குமர் இருந்தாள். மகள் சறோஜினிதேவிக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை மனிதர் இப்படியே குழப்பினார். முதலாவது மாப்பிள்ளை பொன் பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தார். கண்ணில் ஏதோ நோய் இருக்கிறது, அதை மறைக்கத்தான் இந்தப் பொன் என்று அம்பலவாணர் மூன்று கிராமத்தில் விசாரித்தார். விசாரிப்பு மாப்பிள்ளையின் காதுக்கே போய், அவர் கோபித்துக்கொண்டு வேறிடத்தில் கட்டி இப்போது நோர்வேயில் இருக்கிறார். இரண்டாவது ஆள் நகங்களை ஒழுங்காக வெட்டி அரம் போட்டிருந்தார். “நகத்துக்கு அரம் போடுறவன் மண்ணைத் தொடுவானோ?” என்று கேட்டு அதையும் கைகழுவிவிட்டார். சறோஜினிக்கு முப்பத்தொரு வயதாகிவிட்டது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டு, தகப்பனைப் பற்றி ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

எண்பத்துநாலாம் ஆண்டு வைகாசியில் தரகர் கனகசபை மூன்றாவது சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். அன்னபூரணம் அன்றைக்கே புருஷனை எச்சரித்துவிட்டாள்.

“இஞ்சேருங்கோ, இதையும் குழப்பினியளெண்டா நான் இந்த வீட்டிலை அடுப்பு மூட்டமாட்டன்.”

மாப்பிள்ளைக்கு ஊர் புளியங்கூடல், பெயர் நடராசா. குருநாகலில் புடைவைக்கடை வைத்திருந்த குடும்பம். முந்தின வருஷத்து ஆடிக் கலவரத்தில் கடை எரிந்துபோக ஊருக்கே திரும்பி வந்து, ஊர்காவற்றுறையில் சின்னதாக ஒரு கடை போட்டிருந்தார். சாதகம் பொருந்தியது. சீதனப் பேச்சில் இழுபறி வரவில்லை. இழுபறி வராததே அம்பலவாணருக்கு முதல் சந்தேகம்.

பெண் பார்ப்பதை நயினாதீவு அம்மன் கோயிலில் வைத்துக்கொண்டார்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் நடராசாவைக் கண்டவுடனே அம்பலவாணர் மடிக் காசைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மடிப்புக் கலையாத வேட்டி, கழுத்தில் பவுடர், பத்தடிக்கு அப்பாலே வரும் வாசனை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தலைமயிர். வலப்பக்கம் வகிடெடுத்து, உச்சியைக் கடந்து, இடது காதை மூடிக்கொண்டு எண்ணெய் மினுக்கத்தோடு படிந்து கிடந்தது. ஒரு மயிர் இடம் தவறவில்லை.

சோளகக் காற்று அடிக்கிற காலம். வள்ளம் நடுக்கடலுக்கு வந்ததும் எல்லோருடைய தலைமயிரும் பறந்தது. அன்னபூரணத்தின் கொண்டை அவிழ்ந்தது. கனகசபையின் நாலு மயிரும் எழுந்து நின்றன. நடராசா மட்டும் சால்வையைத் தலையில் இறுகச் சுற்றிக்கொண்டு இயந்திரத்தடியில் குந்தியிருந்தார். கரை சேர்ந்து சால்வையை எடுத்தபோது அவருடைய தலை, வள்ளத்தில் ஏறினபோது இருந்தது போலவே இருந்தது.

‘இது டோப்பா’ என்று அம்பலவாணர் தனக்குள்ளே தீர்ப்பு எழுதினார். நாடகக்காரர் வைக்கிற பொய்மயிர். உள்ளே மொட்டையோ, சொறியோ, யார் கண்டது?

பூசை முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு வார்த்தை கதைக்கட்டும் என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். அம்பலவாணருக்கு அந்தக் கதையில் அக்கறை இருக்கவில்லை. நேரே இறங்குதுறைக்குப் போய், ஒரு கூறு வெற்றிலையைக் கையில் கொடுத்து வள்ளக்காரனை விசாரித்தார். புளியங்கூடல் நடராசா முந்தியும் சால்வை சுற்றிக்கொண்டுதான் வருவாரோ? “ஓம் ஐயா, எப்பவும் அப்பிடித்தான்” என்றான் வள்ளக்காரன். அது போதுமாயிருந்தது.

அடுத்த கிழமை அவர் தவணைக்கு முந்தியே சவரத்துக்குப் போனார். அதுவும் ஊர்காவற்றுறைச் சலூனுக்கு. கத்தி தொண்டையில் இருக்கும்போதே கேட்டார்.

“உந்தத் துணிக்கடை நடராசா உம்மட்டையோ தலை வெட்டுறவர்?”

“இல்லை ஐயா. ஒரு நாளும் வந்ததில்லை. தானே வெட்டுறவராம் எண்டு கேள்வி.”

சலூனுக்கு எதிரே கடை வைத்திருக்கிறவன் சலூனுக்குள் கால் வைத்ததில்லை! அம்பலவாணர் பாதிச் சவரத்தோடு எழும்பப் பார்த்தார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை “சாட்டிக் கடலுக்குக் குளிக்கப் போவம், தம்பி” என்று மாப்பிள்ளையை வலிய அழைத்துக்கொண்டு போனார். நடராசா மறுக்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்று சிரித்துச் சிரித்துக் கதைத்தார். தலையை மட்டும் நனைக்கவில்லை. கேட்டதற்குத் தடிமன் என்றார். அந்தத் தடிமன்காரன் திரும்பி வரும் வழி முழுக்க ஒரு தும்மலும் தும்மவில்லை என்பதை அம்பலவாணர் கவனித்தார்.

இத்தனையும் சேர்ந்த பிறகும் அவரால் வாய் திறக்க முடியவில்லை. அன்னபூரணத்தின் அடுப்பு அவரைத் தடுத்தது. அதைவிட, கண்ணால் காணாத ஒன்றை வைத்து மூன்றாவது முறையும் குழப்பினால் ஊர் தன்னைத்தான் பைத்தியம் என்னும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. ஆவணியில் நாள் வைத்தார்கள்.

பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடப்பது; பெண் அதற்குப் போவதில்லை. தாலிப்பொன்னை ஆசாரி உருக்கிவிட்டால் பிறகு கலியாணம் முடிந்த மாதிரித்தான். பேச்சு மாறுவது கிடையாது. ஆகவே ஆசாரி நெருப்பு மூட்டுமுன் அந்தத் தலையை ஒருமுறை பார்த்தாக வேண்டும். புளியங்கூடல் வீட்டில் நிறைகுடம் வைத்து எல்லோரும் பாயில் அமர்ந்துகொண்டிருந்தபோது, கால் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி அம்பலவாணர் பின்பக்கம் போனார். கிணற்றடியைத் தாண்டி ஓர் அறை இருந்தது. சன்னல் பாதி திறந்திருந்தது.

உள்ளே நடராசா சுவர்க் கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றார். கையில் இன்னொரு சின்னக் கண்ணாடி. மற்றக் கையில் சீப்பு. நீண்ட மயிரை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தார். இடது காதுக்கு மேலிருந்து பின்னுச்சி வரை மயிரே இல்லை. உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து சுருங்கிய தோல்.

சின்னக் கண்ணாடியில் இரண்டு பேருடைய கண்களும் சந்தித்தன.

“உள்ளுக்கு வாங்கோ மாமா. சன்னலுக்காலை எட்டிப் பாத்தாக் கழுத்துப் பிடிச்சுப்போடும்.”

அம்பலவாணர் உள்ளே போனார். வெட்கம் தெரியாத மனிதரல்ல. ஆனால் அவருடைய நாக்கு எப்போதும் வெட்கத்துக்கு முன்னால் ஓடும்.

“நான் டோப்பா எண்டு நினைச்சனான், தம்பி.”

“இழுத்துப் பாருங்கோ.”

வேறு யாராக இருந்தாலும் ‘சேச்சே’ என்றிருப்பார்கள். அம்பலவாணர் இழுத்துப் பார்த்தார். நடராசாவுக்குக் கண்ணில் நீர் வந்த பிறகுதான் கையை விட்டார். சொந்த மயிர்தான்.

“கடை எரிஞ்ச அண்டைக்கு மேல்மரம் ஒண்டு நெருப்போடை விழுந்தது. நான் உள்ளுக்கை நிண்டனான்” என்றார் நடராசா.

“அதை ஏன் காணும் மறைக்கிறீர்? களவெடுக்கப் போய்ப் பட்ட காயமே?”

“காணுற ஆக்கள் எல்லாரும் என்ன நடந்தது எண்டு கேப்பினம், மாமா. துணி வாங்க வாற சனத்துக்கும் சொல்ல வேணும், சலூன்காரருக்கும் சொல்ல வேணும். ஒரு நாளைக்கு எத்தினை தரம் நான் அந்தக் கடையை எரிக்கிறது?”

சால்வை, சலூன், சாட்டித் தண்ணீர் என்று அம்பலவாணர் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்த சாட்சியங்கள் எல்லாம் ஒரே பேச்சில் சரிந்து விழுந்தன. ஆனாலும் ஒன்று மிச்சம் இருந்தது.

“அப்ப உந்தப் பவுடர்?”

“அது எனக்கு விருப்பம், மாமா.”

“சென்ட்?”

“அதுவும் விருப்பம்தான்.”

காயத்தை நம்ப முடிந்த அம்பலவாணரால் இதைத்தான் நம்ப முடியவில்லை. ஒன்றையும் மறைக்காமல், சும்மா ஆசைக்கு ஓர் ஆம்பிளை பவுடர் பூசுவானா? நடராசாவின் கழுத்தை இன்னொருமுறை உற்றுப் பார்த்தார். அங்கே பவுடரைத் தவிர ஒன்றும் இல்லை.

முற்றத்துக்கு வந்தபோது ஆசாரி கரியை ஊதத் தொடங்கியிருந்தார். அப்போதுதான் அம்பலவாணருக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. இந்தப் பெடியனை அவருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் மகளுக்கு இது தெரியாதே. தாலி ஏறின பிறகு தெரிந்து, தகப்பன் அறிந்தும் மறைத்தான் என்று அவள் நினைத்தால்? ஊரெல்லாம் மறைப்பவர்களைத் தேடித் திரிந்தவர் தானே ஒன்றை மறைப்பதா?

“கொஞ்சம் பொறுங்கோ. நான் ஒருக்கா வீட்டை போயிட்டு வாறன்” என்றார்.

மாப்பிள்ளையின் தாய் மீனாம்பிகைக்கு முகம் கறுத்தது. கனகசபை ஓடிவந்து கையைப் பிடித்தார்.

“அம்பலவாணண்ணை, நல்ல நேரம் முடியப்போகுது! திரும்பவும் தொடங்கிப்போடாதேங்கோ!”

கையை உதறிவிட்டு, வேலியில் சாத்தியிருந்த யாரோ ஒருவருடைய சைக்கிளை எடுத்து மிதித்தார். சோளகம் முகத்தில் அடித்தது. மகள் மாட்டேன் என்று சொல்லிவிடக் கூடாதே என்று வழி முழுக்க அம்மனைக் கும்பிட்டுக்கொண்டு போனார். ஒரு மாப்பிள்ளைக்காக அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

வேலிப் படலையில் அவரைக் கண்ட அன்னபூரணம் தலையில் கையை வைத்தாள். “குழப்பிப்போட்டு வாறியளோ?” அவர் நேரே உள்ளே போனார். சறோஜினி சேலைக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்க வாங்க அம்பலவாணர் எல்லாவற்றையும் சொன்னார். எரிந்த தோலின் அளவைக் கையை விரித்துக் காட்டினார்.

“தெரியும்” என்றாள் சறோஜினி.

“என்ன தெரியும்?”

“நயினாதீவிலை வைச்சே மயிரைத் தூக்கிக் காட்டினவர். ‘முதலிலை இதைப் பாரும், பிறகு ஓமெண்டு சொன்னாப் போதும்’ எண்டவர். நான் ஓமெண்டு சொன்னனான். நீங்கள் அப்ப வள்ளக்காரனோடை நிண்டியள்.”

“அப்ப ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

அவள் ஸ்திரிக்கைப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

“வள்ளக்காரனைக் கேட்டியள். சலூன்காரனைக் கேட்டியள். முதல் வந்தவரைப் பற்றி மூண்டு ஊரிலை கேட்டியள். என்னட்டை ஒருக்காலும் ஒண்டும் கேக்கேல்லையே, ஐயா.”

விசாரிப்பில் தன்னை விஞ்ச ஆளில்லை என்று இருந்த அம்பலவாணருக்கு, பொன் பிரேம்காரரும் நகத்துக்கு அரம் போட்டவரும் ஒருசேர ஞாபகத்துக்கு வந்தார்கள். அந்த இரண்டு பேரையும் இவளுக்குப் பிடித்திருந்ததா, இல்லையா? அது அவருக்குத் தெரியாது. இனிக் கேட்கவும் முடியாது.

குசினிப் பக்கம் அன்னபூரணம் விசும்பும் சத்தம் கேட்டது. சறோஜினி அலுமாரியிலிருந்து சீப்பை எடுத்துவந்து, காற்றில் கலைந்து கிடந்த தகப்பனின் தலையை வாரத் தொடங்கினாள். அவர் குனிந்து கொடுத்தார்.

“பிள்ளை,” என்றார் கடைசியில், “உனக்கு அவரைப் பிடிச்சிருக்கோ?”

“ஓம் ஐயா. அந்தப் பவுடர் மணமும் பிடிச்சிருக்கு. போங்கோ, நேரம் போகுது.”

வாரின தலை கலையக் கூடாதென்று அம்பலவாணர் சால்வையை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.