சாரலுக்குக் கட்டிய மூட்டை

“சுரண்டை பஸ்ஸுலயே குடலு வெளிய வந்து விழுற மாதிரி வாந்தி எடுக்குறா. இவ திருச்சிக்குப் போயி டீச்சராவப் போறாளாம்! ஏட்டி எஸ்தர், கர்த்தரு ஒன்னயப் படைக்கையிலயே சக்கரத்துக்கும் ஒனக்கும் ஆகாதுன்னு எழுதிட்டாருட்டி.”

என் அத்தை இதைச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அத்தை சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் என் துக்கம்.

பிரியமானவர்களே, என் கஷ்டம் கேட்பதற்குச் சின்னது. பஸ்ஸில் ஏறினால் எனக்கு வாந்தி வரும். டீசல் நாற்றம் மூக்கில் ஏறிய உடனே தலை சுற்றும், கை கால் ஜில்லிடும், இறங்கும்போது நடக்கக்கூடத் தெம்பு இருக்காது. ரயிலிலும் அப்படியே. புளி, இஞ்சி, வெறும் வயிறு என்று ஊரார் சொன்ன வைத்தியம் எல்லாம் செய்து பார்த்துவிட்டோம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா புளியங்குடி எலுமிச்சங்காய்க் கமிஷன் கடையில் சாக்கு மூட்டை தைக்கிறவர். வாரம் ஒரு முறைதான் தென்காசிக்கு வருவார். அண்ணன் ராசையா தென்காசியில் ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். தேறியவள் என்று தலை நிமிர்ந்து நடந்தேன். அதை மறைக்கமாட்டேன்.

ஆசிரியப் பயிற்சிக்குப் பாளையங்கோட்டையில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போனேன். போய் இறங்கியபோது பாவாடை தாவணி எல்லாம் பாழ். உள்ளே கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள். எனக்குத் தெரிந்த கேள்விகள்தான். வாயைத் திறந்தால் மறுபடி குமட்டிவிடுமோ என்று பயந்து பேசாமல் நின்றேன். இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இடம் கிடைக்கவில்லை.

பிறகு, ஆனி மாதத்தில் திருச்சியில் ஒரு பெண்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து தகவல் வந்தது. மார்க்கைப் பார்த்தே இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் குறித்த நாளில் நேரில் வந்து சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. தென்காசி எங்கே, திருச்சி எங்கே! பக்கத்திலிருக்கும் சுரண்டைக்கே போகமுடியாதவள் நான்.

முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, இந்த வாந்தியை என்னை விட்டு எடுத்துப்போடும்” என்று மட்டும் கேட்டேன். வேறு ஜெபம் எனக்கு வரவில்லை. கேட்டுவிட்டேன், சுகம் வந்திருக்கும் என்று நம்பிச் சுரண்டை பஸ்ஸில் ஏறினேன். பாவூர்சத்திரம் தாண்டவில்லை. கண்டக்டர் விசில் ஊதி என்னை இறக்கிவிட்டார். ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். கேட்டது கிடைக்கவில்லை, இனி படிப்பும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அந்த வாரமே அண்ணன் ஒரு சேதியோடு வந்தான். அவன் ஷெட் முதலாளியிடம் பட்டாளத்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று கிடந்தது. அண்ணன்தான் அதைக் கழற்றி, தேய்ந்த உறுப்புகளை மாற்றி ஓடவைத்திருந்தான். அதை வாங்க ஆள் அகப்பட்டுவிட்டார். வாங்குகிறவர் இருப்பது திருச்சியில். வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டுமாம்.

“மோட்டர் சைக்கிளுக்குக் கூரையும் கிடையாது, சன்னலும் கிடையாது. காத்து மூஞ்சியில அடிக்கும். அதுல ஒனக்கு எப்படி இருக்குதுன்னு பாப்பமாட்டி?” என்றான்.

அம்மா பதறினாள். “கொமரிப் புள்ளைய மோட்டர் சைக்கிள்ல வச்சிக்கிட்டுப் போனா ஊரு என்னல சொல்லும்?”

“அண்ணன்காரன் கூட்டிட்டுப் போறான்னு சொல்லும். வேற என்ன சொல்லும்?”

சோதனைக்காக என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனான். நல்ல சாரல். ஐந்தருவி வரைக்கும் போனோம். எப்போது குமட்டும், எப்போது குமட்டும் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அருவிச் சத்தம் கேட்டது. வண்டி நின்றது. என் வயிற்றில் ஏதோ செய்தது. என்ன என்று யோசித்தேன். பசி! வண்டியில் போய் இறங்கி எனக்குப் பசித்தது அதுதான் முதல் தடவை.

“அண்ணே, பசிக்குது!” என்று கத்தினேன். அவன் ரோட்டிலேயே குதித்தான். மங்குஸ்தான் பழம் வாங்கித் தந்தான். சாரலில் நனைந்தபடி ஆளுக்கு ஒரு குவியல் தின்றோம். என் வாந்தியை எடுத்துப்போடும் என்றுதான் நான் கேட்டிருந்தேன். வாந்தி வராத ஒரு வண்டியை அவர் அனுப்பினார்.

பிறகு வீட்டில் கல்யாண வேலை மாதிரி வேலை நடந்தது. வண்டியின் பின்னால் வெறும் இரும்புக் கேரியர்தான் இருந்தது. அண்ணன் அதன்மேல் தேங்காய் நாரும் பழைய பஞ்சும் திணித்து, லாரி சீட்டு ரெக்சினால் மூடி மெத்தை தைத்தான். ஒரு பக்கமாக உட்காருகிறவளுக்குக் கால் தொங்கினால் மரத்துப்போகும் என்று, கால் வைக்க ஒரு பலகையை இரும்புப் பட்டையில் முடுக்கினான். தாவணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கக் கம்பிவலை. பிடித்துக்கொள்ள ஒரு தோல்வார். ட்ரங்குப் பெட்டி வேண்டாம் என்று, இரண்டு பக்கமும் தொங்கவிடக் கித்தான் பைகள். புழுதி படாமல் கண்ணுக்குப் போட ஷெட்டில் சாணை பிடிக்கிறவர்கள் போடும் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு நான் நின்றதைப் பார்த்து அத்தை, “ஆத்தாடி, ஆந்தை” என்றாள். காதில் வைக்கப் பஞ்சு. தலைக்கு இறுக்கிக் கட்ட அம்மாவின் பழைய சேலைத் துண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே, மழைக்கு. புனலூர்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் வேலை செய்யும் உறவினரிடமிருந்து இரண்டு ரப்பர் கோட்டு வாங்கினோம். சர்டிபிகேட்டுகளுக்கு மெழுகுத்துணி. பைகளுக்குத் தார்ப்பாய்த் துண்டு. உள்ளே கம்பளிச் சட்டை. குளிருக்கு இதமாகக் குடிக்க ஒரு பிளாஸ்க் நிறையச் சுக்குக் காப்பி. ஒரு சொட்டு மழைகூட உள்ளே போக வழியில்லாமல் அம்மா மூட்டை கட்டினாள். நான் பக்கத்தில் நின்று முடிச்சுகளைச் சரிபார்த்தேன்.

எங்கள் தவறு உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும், நீங்கள் வேறு ஊர்க்காரர்களாய் இருந்தால். தென்காசிக்காரர்களுக்குப் புரியாது. எங்களுக்கு ஆனி என்றால் சாரல். கொடியில் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, தாகமே எடுக்காது. உலகம் முழுவதும் அப்படித்தான் நனைந்துகொண்டிருக்கும் என்று எங்களுக்கு நினைப்பு.

புறப்படும் நாள் காலையில் வீட்டில் எல்லோரும் ஜெபித்தோம். சாரல் விடட்டும் என்று காத்திருந்து, விடாததால் அதிலேயே கிளம்பினோம். கடையநல்லூர் வரை மழை கோட்டில் தாளம் போட்டது. “பாத்தியா, கோட்டு இல்லாட்டா என்ன கதி!” என்று அண்ணன் பெருமைப்பட்டான். புளியங்குடி வரும்போது தூறல் நின்றது. கடைக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். நேரமாகிவிட்டது என்று அண்ணன் நிறுத்தவில்லை. சிவகிரி தாண்டியதும் வெயில். ராஜபாளையத்தில் நெருப்பு.

அப்போதும் கோட்டைக் கழற்றவில்லை. “இங்கனதான் நின்னிருக்கு, மேல போனா பெய்யும்” என்று அண்ணன் சொன்னான். நானும் நம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கடந்து கிருஷ்ணன்கோவில் பக்கம் போகும்போது அனல்காற்று அடித்தது. கம்பளிக்குள்ளே வேர்வை ஓடியது. வெயிலில் காய்ந்த ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறியது. தலை சுற்றியது. எனக்குத் தெரிந்த அதே சுற்றல். கையிலிருந்த வார் நழுவியதுகூடத் தெரியவில்லை. அண்ணன் சட்டென்று கையைப் பின்னால் நீட்டிப் பிடித்திராவிட்டால் ரோட்டில் விழுந்திருப்பேன்.

ரோட்டோரத்தில் ஒற்றை உடைமரம். அதன் கீழே படுத்து வாந்தி எடுத்தேன். அண்ணன் தண்ணீர் தேடினான். எங்களிடம் ஏது தண்ணீர்? சாரல் காலத்தில் வழிக்குத் தண்ணீர் கட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் யார்? இருந்தது கொதிக்கிற சுக்குக் காப்பி. சுற்றிலும் வீடு இல்லை, கிணறு இல்லை.

“திரும்பிருவமா தாயி? நீ இருந்தாப் போதும். டீச்சர் வேலை மசுரே வேண்டாம்” என்றான் அண்ணன். அவன் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

எனக்கு எழுந்து உட்காரவும் முடியவில்லை. படுத்தபடியே ஜெபித்தேன். “ஆண்டவரே, வண்டியைக் கொடுத்தவர் நீர். என்னை இந்த மரத்தடியில் விட்டுவிடவா கொடுத்தீர்? தண்ணீர் தாரும்.” அவ்வளவுதான். ஆமென் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

லாரிச் சத்தம் கேட்டது. புளியங்குடியிலிருந்து மதுரைக்கு எலுமிச்சங்காய் ஏற்றிப் போகும் லாரி. எங்களுக்காக நிற்கவில்லை. ரேடியேட்டர் கொதித்துப் புகை விட்டதால் அந்த ஒற்றை நிழலைப் பார்த்து நின்றது. பெரிய பீப்பாய் நிறையத் தண்ணீரோடு நின்றது.

டிரைவர் இறங்கினார். தலையில் துண்டு கட்டிய ஒரு பாய். எங்களைப் பார்த்ததும் ரேடியேட்டரை மறந்துவிட்டார்.

“யாருல அது, உச்சி வெயில்ல மழக்கோட்டு போட்டுக்கிட்டு? எந்தூர்லல மழ பெய்யுது?”

“தென்காசி, அண்ணாச்சி.”

“அதான பாத்தேன்! ஊரச் சொல்லாமலே தெரியுது. தம்பி, ஒங்க சாரல் ஒங்க ஊரு எல்லையிலயே நின்னுக்கிடும். டிக்கெட் எடுத்துக் கூடவா வரும்?” என்று சிரித்துக்கொண்டே தகரக் குவளையில் தண்ணீர் மொண்டார். ஒரு பழத்தை அறுத்துப் பிழிந்து, சோற்றுப் பொட்டலத்திலிருந்த உப்பைப் போட்டுக் கலக்கினார். “குடி தங்கச்சி. மெதுவா. மொடக் மொடக்குனு குடிக்காத.”

குடித்தேன். கண் தெளிந்தது. முதலில் தெரிந்தது லாரியின் பக்கவாட்டில் அடுக்கியிருந்த சாக்கு மூட்டைகள். மூட்டை வாயில் வேப்பிலை வைத்து, விட்டு விட்டு எட்டுப்போட்ட மாதிரி ஒரு தையல். இரண்டு தையலுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. அந்தத் தையலை நான் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன்.

“அண்ணே, அப்பா தைச்சது” என்றேன்.

அண்ணன் எழுந்து போய் மூட்டையைத் தொட்டுப் பார்த்தான். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அப்பாவைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று வழியெல்லாம் எனக்குக் குறையாக இருந்தது. அப்பாவின் கைவேலையைக் கர்த்தர் எனக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

“காய்க்கு மூச்சு வேணும். இறுக்கித் தைச்சா மதுரைக்குள்ள அவிஞ்சிரும்” என்று அப்பா வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். கம்பளி, அதன்மேல் ரப்பர், தலையில் இறுக்கிய சேலைத் துண்டு. அழுகப்போகிற காய் மாதிரி கட்டப்பட்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனும் சிரித்தான். எதற்கென்று தெரியாமலே பாயும் சிரித்தார்.

எங்கள் மூட்டை எல்லாவற்றையும் நானே அவிழ்த்தேன். ரப்பர் கோட்டுகளை மடித்து, நடுவே கம்பளியை வைத்து, மெத்தைக்கு மேலே மெத்தையாகப் போட்டேன். பருத்தித் தாவணியோடு உட்கார்ந்தேன். தலைத்துண்டை நனைத்துக் கழுத்தைச் சுற்றினேன். சுக்குக் காப்பியைப் பாய்க்குக் கொடுத்துவிட்டு அந்தப் பிளாஸ்கில் தண்ணீர் பிடித்தோம். கை நிறையப் பழமும் தந்தார். வெயில் தாழும் வரை மரத்தடியில் இருந்துவிட்டுக் கிளம்பினோம். உடம்பில் காற்றுப் பட்டது. திருமங்கலம் வரை ஊர்கள் ஓடி வந்தன. நான் பாட்டுப் பாடினேன். அண்ணனுக்குப் பாட்டு வராது, ஹார்ன் அடித்தான்.

அன்று மாலை மதுரையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் விடியுமுன் புறப்பட்டு, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடித்து, இடையிடையே இறங்கிக் காலை நீட்டி நடந்து, உச்சிப்பொழுதுக்கு முன் திருச்சி சேர்ந்தோம். ஒரு முறைகூடக் குமட்டவில்லை.

பயிற்சிப் பள்ளித் தலைமையம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் முழுக்கச் செம்புழுதி, கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வெள்ளை வட்டம்.

“எதில் வந்தாயம்மா?”

“மோட்டார் சைக்கிளில் அம்மா. தென்காசியிலிருந்து.”

பாளையங்கோட்டையில் திறக்காத என் வாய் அங்கே மூடவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்காததற்கும் சொன்னேன். சேர்த்துக்கொண்டார்கள். அண்ணன் வண்டியை வாங்கியவரிடம் ஒப்படைக்கப் போனான்.

இப்போது பயிற்சி முடிந்துவிட்டது. வாந்தி அடியோடு போய்விட்டது என்று பொய்ச் சாட்சி சொல்லமாட்டேன். ஆனால் பயம் போய்விட்டது. முன் இருக்கையில், சன்னலைத் திறந்து வைத்து, கையில் தண்ணீரோடு பஸ்ஸில் போகிறேன், வருகிறேன். குமட்டினாலும் இறங்கவேண்டிய இடத்தில்தான் இறங்குகிறேன்.

இதை வாசிக்கிற அம்மாமாரே, தங்கைமாரே, உங்கள் பலவீனம் வெளியே சொல்லச் சிரிப்பாக இருக்கலாம். அதையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். நீங்கள் கேட்ட உருவத்தில் பதில் வராவிட்டால், வரவில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள். எனக்கு அது பட்டாளத்து வண்டியாக வந்தது. கொதித்துப்போன லாரியாகவும் வந்தது.

செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். புளியறையில் பஸ்ஸை விட்டு இறங்கி மலைப் பாதையில் நடக்க வேண்டும். அதனால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் யாரும் நிலைத்ததில்லை. அந்த வேலைக்கு என்னைக் கேட்டபோது உடனே சம்மதித்தேன். போன திங்கட்கிழமை அங்கே போய்ச் சேர்ந்தேன். துருப்பிடித்துக் கிடந்த மணியை நானே அடித்தேன். கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பெண்பிள்ளைகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து முன் வரிசையில் உட்கார வைத்தேன்.